நான்காவது கீமோவுக்கு முன் வந்த போன்

பிப்ரவரி 3

பாதம் இன்றும் மரக்கட்டை. மாணவிக்கு ஓட்டிக் காட்டும்போது கிளச்சை அழுத்தினேனா இல்லையா என்றே தெரியவில்லை. "மேடம், வண்டி உறுமுது" என்று அவள்தான் சொன்னாள். கீமோ போகிற போக்கில் நரம்பையும் தின்றுவிட்டது. சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். ஊருக்கே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் வீட்டுக்கு பஸ்ஸில் வந்தேன். நின்றுகொண்டு.

பிப்ரவரி 10

ஸ்கேன் வந்துவிட்டது. சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்திருக்கிறது. வயிற்றுக்குள் இரண்டு கட்டி. வந்து வந்து போகும் விருந்தாளி மாதிரி — ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக நாள் தங்குகிறது.

"வழக்கமான மருந்தெல்லாம் கிட்டத்தட்ட பார்த்தாச்சும்மா. ட்ரையல்ல சேர முடியுமான்னு பார்ப்போம்" என்றார் டாக்டரம்மா. மருந்து ஆய்வு. இன்னும் கடைக்கு வராத மருந்தை நம்மைப் போன்றவர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது.

உடனே சரி என்றேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், இவர் முகத்தில் ஈயாடவில்லை. கட்டி எனக்கா இவருக்கா?

பிப்ரவரி 14

நடந்ததை நடந்தபடியே எழுதப் பார்க்கிறேன்.

ஆய்வு நடக்கும் மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவு. ஆய்வு நர்ஸ் சிரித்த முகம். வேலைக்கு ஆள் எடுப்பவர்கள்கூட இவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள். மாடிப்படி ஏறுவீர்களா, சாப்பிட்டது தங்குகிறதா, கட்டி அளக்கிற அளவுக்கு இருக்கிறதா. ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் புதைத்து வைத்திருப்பார்களாம். அதை வாங்கிச் சோதிப்பார்களாம். "மெழுகுலயா?" என்று இவர் நிமிர்ந்தார். பல் செட் செய்கிறவர், நாள் முழுக்க மெழுகோடு குடித்தனம். அந்த ஒரு வார்த்தைதான் பேசினார்.

எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில், "இதுவரைக்கும் எத்தனை விதமான கீமோ எடுத்திருக்கீங்க?" என்றாள்.

"நாலு."

பேனா நின்றுவிட்டது. "மூணுக்கு மேல போனவங்களை இதுல எடுக்கறதில்லம்மா." பிறகு என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "போன வருஷம் நாலாவது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான்தானே உங்களைக் கூப்பிட்டேன்? இதே ஆய்வுக்கு. அம்மாகிட்ட பேசலாமான்னு கேட்டேன். அம்மாவும் வேண்டாம்னுட்டாங்கன்னு சார்தான் சொன்னார்."

இவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அவசரமாக வேறு பேச்சை எடுத்தாள். இன்னொரு சின்ன ஆய்வு இருக்கிறதாம். கீமோ எத்தனை என்று பார்க்க மாட்டார்களாம். "ஆனா அது மருந்தை எவ்வளவு குடுக்கலாம்னு தெரிஞ்சுக்கறதுக்கான ஆய்வு. உங்களுக்குப் பலன் இருக்கும்னு நான் சொல்ல முடியாது."

பஸ் நிலையத்தில்தான் வாயைத் திறந்தேன். "ஏன்?"

"புது மருந்தும் கிடைக்கலாம், பழைய மருந்தே கிடைக்கலாம், குலுக்கல்லதான் முடிவாகும்னு சொன்னாங்க. உன்னை வெச்சு சீட்டாட எனக்கு மனசு வரலம்மா."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

பஸ் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

பிப்ரவரி 15

எழுத ஒன்றுமில்லை. பேசவும்.

பிப்ரவரி 19

அக்காவுக்கு போன் செய்து கொட்டித் தீர்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆஸ்பத்திரி போனை எல்லாம் நீங்களே எடுங்க, என்கிட்ட எதுவும் சொல்லாதீங்கன்னு அவர்கிட்ட சொன்னவ யாருடி?" என்றாள்.

நான்தான். வகுப்பு நடக்கும்போது போன் வந்தால் அன்றைக்கு முழுக்கக் கை ஓடவில்லை என்று நான்தான் சொன்னேன். ஆனால் போனை எடுக்கச் சொன்னேனே தவிர, என் வாயையுமா கொடுத்தேன்?

கட்டிலின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேர். நடுவில் இன்னொரு ஆள் படுக்கலாம்.

பிப்ரவரி 24

சின்ன ஆய்வுக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். நானே கூப்பிட்டு நானே பேசினேன். புதிதாக பயாப்ஸி எடுக்க வேண்டும், ஹீமோகுளோபின் ஏற வேண்டும். தேர்வானால் வாரா வாரம் விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடையாது. எனக்கோ இருந்தும் இல்லாத கால்.

இவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணமான புதிதில் நான் படாத பாடு பட்டு வாங்க வைத்தது. அதற்குப் பிறகு அது பர்ஸை விட்டு வெளியே வந்ததே இல்லை.

காலையில் சாப்பாட்டு மேசையில், இதுவரை நான் மட்டுமே ஓட்டிய எங்கள் பழைய காரின் சாவியை வைத்தேன். பார்த்தார். எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 27

தொழிற்சாலைக்குப் பின்னால் உள்ள காலி மைதானம். கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்குப் பிறகு புருஷனிடம் பேசிய வார்த்தைகள்: கிளச். கியர். கண்ணாடியைப் பாருங்க. மெதுவா. பிரேக்.

பிரேக்! பிரேக்!!

அரிசி அளவு பல்லை மயிரிழை பிசகாமல் பொருத்துகிற கை, ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உதறுகிறது. வேறு யாராவது என்றால் தட்டிக்கொடுத்திருப்பேன். தினமும் பயந்தாங்கொள்ளிகளைத்தானே பார்த்தேன். இவருக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை வரவில்லை.

மார்ச் 5

பயாப்ஸி முடிந்தது. ஹீமோகுளோபின் போதவில்லை. ரத்தம் ஏற்றிவிட்டு அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்கள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன்.

மார்ச் 13

தேர்வாகிவிட்டேன்! நர்ஸ் சொன்னதும் பரீட்சையில் பாஸான சிறுமி மாதிரி சிரித்தேன். சிரித்த வாக்கில் இவர் பக்கம் திரும்பிவிட்டேன் — கோபம் நினைவுக்கு வருவதற்குள். இவர் கண் நிறைந்துவிட்டது. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏன் திருப்பினேன்? இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த ஒரு நிமிடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

மார்ச் 20

முதல் மருந்து. நெடுஞ்சாலையில் இவர் ஓட்டிய வேகத்துக்கு ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போனது. நான் சிரித்துவிட்டேன். "சிரி, சிரி. பத்திரமா கொண்டுபோய்ச் சேர்த்தேனா இல்லையா?" என்றார்.

சேர்த்தார்.

ஏப்ரல் 9

வாந்தி. வாய் முழுக்கப் புண். இவர் பல் செட்டுகளையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு ஒரு நாள் முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "திட்டவாவது திட்டேன்" என்றார். திட்டத் தெம்பில்லை. திட்டக் கையில் இருந்ததும் ஒன்றேதான். அதுவும் மென்று மென்று சக்கையாகிவிட்டது.

ஏப்ரல் 28

நர்ஸிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. போன வருட ஆய்வு எப்படிப் போகிறது? "முடிவு இன்னும் வரலம்மா. சிலருக்கு நல்லா இருக்கு. சிலருக்கு இல்ல." அந்தச் சிலர் யார், எங்கே இருக்கிறார்கள், இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்கள் — பகல் பூராவும் இதே நினைப்பு.

மே 15

ஸ்கேன். கட்டி இரண்டும் வளர்ந்திருக்கின்றன. மூன்றாவதாக ஒன்றும். என்னை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். "உங்களால அடுத்து வர்றவங்களுக்கு எது சரியான அளவுன்னு தெரிய வந்திருக்கு" என்று டாக்டர் மனசாரத்தான் சொன்னார். நர்ஸ் வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இனி வலிக்கு மட்டும் மருந்து. அதுவும் நம் ஊரிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

திரும்பும் வழியில் பாதித் தூரம் தாண்டியிருந்தோம். இவர் இப்போது நன்றாகவே ஓட்டுகிறார். லாரியை முந்தும்போதுகூடத் தோள் இறுகவில்லை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "அன்னைக்கு போனை உன்கிட்ட குடுத்திருந்தா, நீ சேர்ந்திருப்பியாம்மா?"

மூன்று மாதமாக இந்தக் கேள்வியைத்தான் தொண்டையில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

"எனக்கும் பயமாத்தான் இருந்திருக்கும்" என்றேன். "வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ரோட்டைப் பாருங்க."

அவருக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. எத்தனை நாள் அடக்கி வைத்ததோ. அப்புறம் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தார் — யாரோ ஒரு கிழவர் பல் செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுத் துவைத்துவிட்ட கதை. கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

இப்போது முன்னறையில் வேலை செய்கிறார். சின்ன உளியின் சத்தம் கேட்கிறது. ஏதோ பாட்டை முணுமுணுக்கிறார், சுருதி எங்கேயோ போகிறது.

சேர்ந்திருப்பேன். மறுநாளே போய் நின்றிருப்பேன்.