ராணியின் இடது காது

வியாழன், ஓசூர்.

குருபரப்பள்ளியில் டீக்கடை வைத்திருக்கும் சலீம் பாய் இன்று எங்கள் பட்டறைக்குத் தன் பூனையை வாங்க வந்தார். ராணி எப்போதும் கல்லாப்பெட்டி மேல்தான் உட்கார்ந்திருக்கும். போன மாதம் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதன் போட்டோவைக் கொடுத்து, கடை முன்னால் மாட்ட இரும்புத் தகட்டில் வெட்டித் தரச் சொல்லியிருந்தார்.

தகடு வெட்டும் பிளாஸ்மா மெஷினுக்குப் போட்டோ புரியாது. கோடாக மாற்றி டிஎக்ஸ்எஃப் ஃபைலாகக் கொடுக்க வேண்டும். மாற்றும்போது இடது காதில் கோடு பிசிறடித்தது. உட்கார்ந்து புள்ளி புள்ளியாக அழித்து வழவழவென்று ஆக்கினேன். பெருமை வேறு.

பாய் தகட்டையே வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கும்மா. யாரு பூனை இது?"

போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பாய் இடது காதைக் காட்டினார்.

"ராணிக்கு அந்தக் காது கிழிஞ்சிருக்கும்மா. குட்டியா இருக்கப்ப நாய் கடிச்சுது. அதைத் தடவிக்கிட்டேதான் நான் பேப்பர் படிப்பேன்."

பழைய கோட்டைத் திரும்ப எடுத்து, பிசிறோடு வெட்டிக் கொடுத்தேன். பாயின் விரல் நேராக அந்தக் காதுக்குப் போனது.

"ஓரம் கீறிடும் பாய்."

"அவளுந்தாம்மா கீறுவா."

முழுக்காதுப் பூனையைப் பழைய இரும்பில் போட மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். இன்னும் பேர் வைக்கவில்லை.