தானாக நிற்காத எஞ்சின்

12-9-91, வியாழன்

மண்ணூர் விறகுத் தொட்டியில் மிஷினுக்குக் கட்டை கொடுக்கும் எழுமலைக்கு இரண்டு விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தேன்.

சவுக்கைச் சில்லு சில்லாக வெட்டும் பழைய மிஷின் அது. அதன் எஞ்சினைப் பிரித்து, ரிங், லைனர் எல்லாம் மாற்றிப் போன வாரம்தான் கட்டிக் கொடுத்தேன். முன்பெல்லாம் தடித்த கட்டை சிக்கினால் எஞ்சின் திணறித் தானாக நின்றுவிடும். எழுமலை கையை விட்டுக் கட்டையை உருவுவான். வேலையை எடுப்பதற்கு முன் அதை நானே நின்று பார்த்திருக்கிறேன்.

இன்றும் எஞ்சின் திணறியிருக்கிறது. நிற்கப்போகிறது என்று கையை விட்டிருக்கிறான். அது தம் பிடித்து இழுத்துவிட்டது.

இனி இது தானாக நிற்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓட்டிக் காட்டிய அன்று எழுமலை பக்கத்தில்தான் நின்றான். தொட்டி முதலாளி என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கட்டுப் போட்ட கையை மார்பில் வைத்துக்கொண்டு அவன்தான் எனக்குச் சமாதானம் சொன்னான். “நீ இன்னாண்ணா பண்ணுவ? மிஷினு நல்லாத்தான் கீது. நாந்தான் பழைய நெனப்புல கைய வுட்டுட்டேன்.”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.