நாலும் ஒன்றாக நடுங்கிய வண்டி

மாப்ள,

இன்று காலை அரிக்கேன் விளக்குக்குச் சீமெண்ணெய் ஊற்றும்போது கை தவறி முழங்கை வரை வழிந்துவிட்டது. சிகைக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். அந்த நாற்றம்தான் முதலில் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஏன் என்று வீட்டில் கேட்டாள். பசியில்லை என்றேன். பொய் எனக்கு எப்போதும் சுலபமாக வரும். அது தெரியாமலே நீ போய்விட்டாய்.

பெட்ரோலுக்குக் கூப்பன் போட்டிருந்த யுத்த காலம் அது. நான் கோச்சடையில் ஒரு பண்ணைவீட்டுக்கு டிரைவர். நீ காளவாசலில் செங்கல் சூளைகளுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாய். முதலாளியின் வண்டிக்கு அப்போதே பதினைந்து வயதிருக்கும். முன்னால் குனிந்து ஹேண்டிலைச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். அவர் மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பாக்கு வைத்து அழைக்க வேண்டும், அதுவும் மோட்டாரில் போய் இறங்கி அழைக்க வேண்டும். கூப்பனுக்குக் கிடைக்கிற பெட்ரோல் பாதிச் சொந்தத்துக்குக்கூடக் காணாது. மூன்று பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு சீமெண்ணெய் கலக்கச் சொன்னார் முதலாளி.

"வெளிய மூச்சு விட்டே, வேற வேலை பாத்துக்க" என்றார். கலப்பது சர்க்கார் குற்றம். எனக்கு அதைவிட வேலை பெரிதாக இருந்தது.

ஓடும்போது வண்டி ஒன்றும் சொல்லாது. ஒரு வாசலில் நிறுத்தி என்ஜினைச் சும்மா ஓடவிட்டால்தான் சனியன் பிடிக்கும். மட்கார்டு கடகடவென்று ஆடும், குழாயில் வெள்ளைப் புகை வரும், இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோகும். பழங்காநத்தத்தில் சம்பந்தி வீட்டு வாசலிலேயே அப்படி அணைந்தது. அத்தனை பேர் பார்க்க நான் வியர்த்து வழிந்துகொண்டு ஹேண்டிலைச் சுற்றினேன். திரும்பும் வழியில் முதலாளி சொன்னார்: "காளவாசல்காரன்கிட்டக் கொண்டு போ. இதைக்கூடச் சரி பண்ணத் தெரியலைன்னா அவன் என்னத்துக்குக் கடை வச்சிருக்கான்?" கலக்கச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டு வண்டியோட்டிய என்னை என்னவென்று சொல்வது?

நீ அவசரப்பட மாட்டாய். என்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாய். பிறகு மரப்பிடி போட்ட திருப்புளியால் தொட்டு, நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாய். எதை நிறுத்தினாலும் நடுக்கத்தில் ஒரே மாதிரி மாற்றம்தான். கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே திருகினாய். இன்னும் இருமியது.

"ஒண்ணுல நோவுன்னா ஒரு பக்கமா இழுக்கும் மாப்ள. இது நாலும் ஒண்ணா நடுங்குது. குடிக்கிறதுலதான் கோளாறு" என்றாய். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாய். "சீமெண்ணெய் கலந்தியா?"

"சீமெண்ணெய் டின்னுல பெட்ரோல் புடிச்சேன். அந்த வாடை."

"நெசமா?" என்று கையை நீட்டினாய். உன் வலது உள்ளங்கையில் ஓங்கி அடித்து, "உன் மேல சத்தியம்" என்றேன்.

அத்துடன் உன் மூக்கையும் காதையும் விட்டுவிட்டு என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டாய். அடுத்த மூன்று நாளும் இல்லாத கோளாறைத் தேடினாய். பிளக்குகளைச் சுரண்டினாய், காற்று ஒழுகுகிறதா என்று இணைப்புகளில் எண்ணெய் விட்டுப் பார்த்தாய், அட்டையில் புதுசாக வாஷர் வெட்டிப் போட்டாய். ஏற்கெனவே சரியாக இருந்த திருகுகளை எல்லாம் மறுபடி மறுபடி திருகினாய். நான் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "பாத்துப் பண்ணு மாப்ள, கல்யாண வண்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நாலாம் நாள் முதலாளியே ஜட்காவில் வந்து இறங்கினார். நீ வண்டியைக் கிளப்பிவிட்டு முன்னால் நின்றாய், நான் ஸ்டீயரிங்கில் இருந்தேன். அதில் ஒரு சின்ன லிவர் உண்டு. ஹேண்டிலைச் சுற்றும்போது அது மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் என்ஜின் எதிர்த்து உதைக்கும். நீ அதை மேலே தள்ளித்தான் வைத்திருந்தாய். வண்டி நடுங்க ஆரம்பித்ததும் நான் அதைக் கீழே இழுத்தேன். கலப்பட எண்ணெயில் என்ஜின் அணையாமலிருக்க ரோட்டில் நான் பழகிய திருட்டு வித்தை அது. அப்படியும் அணைந்தது. முதலாளி நிற்கிறாரே என்று நீ உடனே குனிந்து ஹேண்டிலைப் பிடித்தாய். லிவரைத் திரும்ப மேலே தள்ள ஒரு நொடி போதும். நான் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹேண்டில் எதிர்த்து அடித்து உன் மணிக்கட்டு உடைந்தது. "கைராசி கெட்ட பய" என்று சொல்லிவிட்டு முதலாளி ஜட்காவில் ஏறிக்கொண்டார். ஓடிவந்தவர்களிடம் நீ, "கட்டைவிரலைச் சுத்திப் புடிச்சிட்டேன், என் தப்புதான்" என்றாய். கட்டைவிரலைச் சுற்றிப் பிடிக்காதே என்று எங்கள் எல்லோரையும் திட்டியவன் நீ. நாட்டுக்கட்டுக்காரர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நான் அடித்துச் சத்தியம் பண்ணிய கை அது. எனக்குச் சாமி, சத்தியத்தில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கட்டி முடிகிற வரை அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. திருப்புளியைப் பிடித்தால் விரல் நழுவியது. அன்றைக்கும் நீ தெம்பாகத்தான் பேசினாய். "கை போனாப் போகுது மாப்ள. காது இருக்கு. நான் கேட்டுச் சொல்லுவேன், திருகுறதுக்கு ஒரு ஆளு வச்சுக்கிடுவேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த வண்டியில கலந்திருந்துச்சா, இல்லையா? நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்."

கல்யாணம் முடிந்திருந்தது. சொல்லியிருந்தால் என் வேலைக்குக்கூட ஆபத்து வந்திருக்காது, நீ யாரிடமும் வாய்விட மாட்டாய். ஆனால் சொன்னால் உன் கையை உடைத்தவன் நான் என்று ஆகிவிடும். "இல்ல மாப்ள" என்றேன்.

விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாய். "அப்பக் காதும் போச்சு" என்றாய்.

அந்த மாதமே கொட்டகையைப் பிரித்துவிட்டுச் சூளையில் காவலுக்குப் போனாய். நாம் பேசிக்கொண்டிருக்கும்போது ரோட்டில் ஏதாவது ஒரு லாரி கோளாறாக இரைந்துகொண்டு போனால் பேச்சை நிறுத்திவிடுவாய். என்ன கோளாறு என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்" என்பாய். உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, மாப்ள. என்னைப் போன்ற ஒருவனை நம்பி, உன்னை நம்பாமல் விட்டாயே. ஒரு தரம் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் கக்கியிருப்பேன். இது என் தப்பை உன் தலையில் இறக்கிவைக்கும் பேச்சு என்றும் தெரியும்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். இன்று சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தவன் நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன். உன் பெண்சாதி முற்றத்தில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சீமெண்ணெய், சத்தியம், லிவர், இரண்டாம் தரம் சொன்ன பொய், ஒன்றையும் மறைக்கவில்லை. அழுவாள், ஏசுவாள், விளக்குமாற்றை எடுத்தாலும் எடுப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் சல்லடையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் மாவை ஓலைப்பெட்டியில் கொட்டி மூடினாள்.

"அம்புட்டு வருசமும் தன் காது கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாக" என்றாள். "அவுக கேட்டப்பச் சொல்லலை. எனக்கு எதுக்குண்ணே சொல்றீய?"

வீடு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல வேண்டியிருந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் பாரம் இறங்க மாட்டேன் என்கிறது, மாப்ள.