மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி

பிப்ரவரி 4

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். உடம்புக்கு ஏதாவது வந்திருந்தால் அதை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பீர்கள். இந்த வாரப் பத்திரிகையில் உங்கள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். தண்ணீர் மோட்டாருக்குத்தான் உடம்பு சரியில்லை போலிருக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "அப்புறம்?" என்பீர்கள். நான் "அப்புறம் என்ன, நீங்கதான் சொல்லணும்" என்பேன். பிறகு இரண்டு பேரில் ஒருவருக்குக் கொட்டாவி வந்துவிடும். போன வாரம் நீங்கள் குறட்டையே விட்டீர்கள். அதனால்தான் காகிதம்.

மார்ச் கடைசியில் எங்கள் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. முதல்வர் உரை நான்தான் ஆற்ற வேண்டும். போன வருடம் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியும். ஆண்டறிக்கையை எடுத்து வாசித்தேன், பாதியில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நர்ஸிங் காலேஜ் ஆயிற்றே, மொத்த அரங்கமும் அவளுக்கு முதலுதவி செய்ய எழுந்து ஓடியது. என் பேச்சிலிருந்து தப்பித்த சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் தெரிந்தது. நேற்று தாளாளர் கூப்பிட்டார். "மேடம், இந்தத் தடவையாவது கேக்கிற மாதிரி பேசுங்க. முடியலன்னா சொல்லிடுங்க, டிவில காமெடி பண்றவர் ஒருத்தரைக் கூப்பிட்டுக்கலாம்" என்றார். கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

ஊரில் ஓய்வு பெறுகிறவர்களுக்கெல்லாம் மேடைப்பேச்சு எழுதிக் கொடுக்கிறீர்கள். பொண்டாட்டிக்கு ஒன்று எழுதித் தரக் கூடாதா?

இன்னொரு விஷயம். நான் இருக்கிற குவார்ட்டர்ஸ் குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு உள்ளது. "வீட்டுக்காரர் அடுத்த மாசம் வந்துடுவார்" என்று சொல்லித்தான் வாங்கினேன். அந்த அடுத்த மாதத்துக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. இதே வீடா, இல்லை விடுதி மாடியில் ஒற்றை அறையா என்று விழா முடிந்ததும் சொல்லச் சொல்கிறார்கள். அவசரமில்லை என்று எழுத வந்தேன். அவசரம்தான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 12

அன்புள்ள முதல்வர் அம்மாவுக்கு,

அடியேனின் வணக்கம். கடிதம் கிடைத்தது. குறட்டை விட்டது நானில்லை, மோட்டார்.

இங்கே எல்லாம் பழையபடிதான். கீழ் வீட்டு டெய்லர் மனைவி தினமும் படியில் மடக்கி, "வீட்டம்மா எப்ப வருவாங்க?" என்கிறாள். "அவங்க வர்றதில்லம்மா, நான்தான் போகணும்" என்றேன். "அப்ப நீங்க எப்ப போவீங்க?" என்றாள். உன்னை விசாரிக்கிறாளா, என்னைக் கிளப்பிவிடப் பார்க்கிறாளா, புரியவில்லை. டெய்லருக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அவர் நம் அறையை ஏற்கெனவே கண்ணால் அளவெடுத்துவிட்டார்.

பத்திரிகை ஆசிரியர் போன வாரம் என் கட்டுரையைப் படித்துவிட்டு, "சார், இதுல சிரிப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார். "எனக்கும் தெரியலையே, நீங்க கண்டுபிடிச்சா சொல்லுங்க" என்றேன். அதற்குச் சிரித்தார். உண்மையைச் சொல்லட்டுமா? வாராவாரம் ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பல்லெல்லாம் விழுந்தவன் பற்பசை விற்பது போலிருக்கிறது என் பிழைப்பு.

போகட்டும். உரை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். "வெண்ணிற ஆடை உடுத்திய தேவதைகளே!" என்று எடுப்பு. டாக்டர்கள் கையெழுத்தைப் பற்றி நாலு நகைச்சுவை. தியாகம், மெழுகுவர்த்தி, தொண்டு எல்லாம் வரிசையாக நிற்கும். முடிவில் கைதட்டல் நிச்சயம். ஓய்வு பெற்ற பதிவாளருக்கு எழுதியதில் 'கோப்பு' என்ற இடத்திலெல்லாம் 'நோயாளி' என்று மாற்றினேன், அவ்வளவுதான். ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு மாற்றியிருக்கலாம், நோயாளியைத் தூசு தட்டி அலமாரியில் வைப்பதாக வந்தால் திருத்திக்கொள்.

நீ மேடையில் பயப்பட என்ன இருக்கிறது? வார்டில் டாக்டர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தே பழகியவள் நீ. வீட்டிலும் அதே கதைதானே. "சர்க்கரை அரைக் கிலோ" என்றால் "அரைக் கிலோ சர்க்கரை, சரிதானே?" என்பாய். கல்யாணமான புதிதில் "உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று எவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னேன்! "என்னை உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, சரிதானே?" என்றாயே. டாக்டர் மாதிரி நான் கீழே கையெழுத்துப் போடாததுதான் பாக்கி.

வீட்டு விஷயம். வருகிறேன். இந்த மோட்டாரை ஒரு வழி பண்ணிவிட்டு வந்துவிடுகிறேன்.

உன்,
கடைசிப் பக்கம்


பிப்ரவரி 20

அன்புள்ள உங்களுக்கு,

உரையை விடுதிக் காப்பாளரிடம் வாசித்துக் காட்டினேன். கையெழுத்து ஜோக்குக்குச் சிரித்தார். பிறகு, "மேடம், இது யாரோட ரிட்டயர்மெண்ட்டு?" என்று கேட்டார்.

தேவதை வேண்டாம். தேவதைக்குக் கால் வீங்காது, சம்பள உயர்வு கேட்கத் தெரியாது. விழா அன்று என் பெண்கள் பாதிப் பேர் இரவு டியூட்டி முடித்து அப்படியே வந்து உட்காருவார்கள். அவர்களை எரிகிற மெழுகுவர்த்தி என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனால் உதவுகிற மாதிரி ஏதாவது வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், உங்களிடம்கூடச் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு பாட்டியம்மாளுக்கு உடம்பு துடைத்துவிடச் சொன்னார்கள். நான் பேசிக்கொண்டே துடைத்தேன். "கையைத் தூக்குங்கம்மா, இதோ முடிஞ்சிடுச்சும்மா, தண்ணி சூடா இருக்கா?" என்று. முதுகைத் துடைக்கத் திருப்பியபோதுதான் தெரிந்தது, அந்த அம்மா எப்போதோ போய்விட்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டேன். மூத்த சிஸ்டர் வந்து பார்த்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "பாதியில விடாதம்மா. பேச்சையும் விடாத. முடி" என்றார். பேசிக்கொண்டே முடித்தேன்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும். சிரிக்க வைப்பதற்கு நடுவில் எங்கேயாவது வையுங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்பதையும் குறித்துத் தாருங்கள். மேடை ஏறினால் எனக்கு எதுவும் ஓடாது.

மோட்டார் விஷயம் கட்டுரையிலும் படித்தேன், கடிதத்திலும் படித்தேன். வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பிச் சொல்கிறேன்: வருகிறீர்கள். சரிதானே?

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 9

அன்பானவளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. ஆசிரியர் போன் போட்டு, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்றார். "பொண்டாட்டி லெட்டர் போட்டிருக்கா" என்றேன். "ஐயோ பாவம்" என்று ஒரு வாரம் விடுமுறை கொடுத்துவிட்டார். ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பாட்டியம்மாளைப் பற்றி நீ சொன்னதே இல்லை. நீ இரவு டியூட்டி முடித்து வரும்போது நான் பத்திரிகை ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். வாசலில் சாவியைக் கை மாற்றிக்கொண்டதுதான் நம் குடும்பம். சண்டை போடக்கூட நமக்கு நேரம் ஒத்துவரவில்லை.

உரையைப் புதிதாக எழுதினேன். தேவதைகளுக்கு விடை கொடுத்தாயிற்று. என் ஜோக்குகளையும் நானே அடித்துவிட்டேன், இரண்டு மட்டும் பிழைத்தன. நடுவில் உன் பாட்டியம்மாள். அதில் நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, நீ எழுதியபடியே விட்டிருக்கிறேன். அதைவிட நன்றாக எனக்கு எழுத வராது. இப்படி நான் சொல்வதைப் பத்திரமாக வைத்துக்கொள், மறுபடி கிடைக்காது. முடிவு மட்டும் என்னுடையது. சுமார்தான், இருந்தாலும் தாங்கும்.

நிறுத்த வேண்டிய இடமெல்லாம் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன். பதிவாளருக்கும் இப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், மனிதர் சிங்கம் மாதிரி பேசினார்.

டிக்கெட் எடுத்தாயிற்று. மூன்றாவது வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல். முதல் வரிசை வேண்டாம், அங்கே தூங்கினால் தெரிந்துவிடும். வந்து, எந்த ஜன்னலோரம் என் மேஜையைப் போடலாம் என்று பார்க்கிறேன். ஆமாம், சரிதான். கையெழுத்தும் போடுகிறேன், பார்.

உன்,
வீட்டுக்காரன்


மார்ச் 30

அன்புள்ள உங்களுக்கு,

விழா நல்லபடியாக முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வந்தால் கதை இன்னும் பெரிதாகியிருக்கும்.

மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் உங்கள் செய்தி வந்தது. முட்டி வீங்கிவிட்டது, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று. படித்துவிட்டுப் போனை அணைத்து வைத்தேன். பதறினால் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும்: எழுதியிருப்பதை ஒரு எழுத்து விடாமல் படிப்பது.

"மைக்கைத் தட்டிப் பார்க்காதே, எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்" என்று ஆரம்பித்தேன். அரங்கமே சிரித்தது. எதற்கென்று புரியவில்லை. முதல் ஜோக்கைச் சொல்லிவிட்டு, "இங்கே சிரிப்பார்கள், முடியும்வரை பொறு, சிரிக்காவிட்டால் பொறுத்த மாதிரி காட்டிக்கொள்ளாதே" என்றும் வாசித்தேன். தாளாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "தண்ணீர் குடி, உனக்குத் தொண்டை கட்டும்" என்று படித்துவிட்டு நான் குடித்தபோது, எதிரே அத்தனை பெண்களும் பாட்டிலைத் திறந்து என்னோடு குடித்தார்கள். அப்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அடைப்புக்குறியைச் சேர்த்து வாசிக்கிற முதல்வர் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்லாரும் என் பக்கம் இருந்தார்கள். அதனால் தொடர்ந்து வாசித்தேன். பாட்டியம்மாள் கதைக்கு வந்தேன். "பாதியில விடாதம்மா" என்ற இடத்தில், போன வருடம் மயங்கி விழுந்த பெண்தான் முதலில் அழுதாள். அடுத்தது உங்கள் குறிப்பு. அதையும் படித்துவிட்டேன்.

"இதற்கு மேல் உன் குரல் நடுங்கும். மூன்றாவது வரிசையில் நான் இருப்பேன். என்னைப் பார்த்து மீதியைச் சொல்."

மொத்த அரங்கமும் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தது. உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று மைக் சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியன் அதில் உட்கார்ந்திருந்தார். பதறி எழுந்து இரண்டு கையையும் கூப்பி, "ஐயோ, நான் இல்லீங்க மேடம்!" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் போய் ஓரமாக நின்றுகொண்டார். அதன் பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. அதன் சாய்மானத்தில் 'முதல்வரின் கணவர்' என்று எழுதி ஒட்டியிருந்தது, என் கையெழுத்தில்தான்.

உங்கள் முடிவை நான் படிக்கவில்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியைப் பார்த்து நானே பேசினேன். நினைவில் இருக்கிற வரை எழுதுகிறேன்.

"நீங்க எல்லாரும் களைச்சுப்போவீங்க. அதுல தப்பில்ல. நானும் களைச்சுத்தான் இருக்கேன். கட்டில்ல இருக்கிறவங்க மணி அடிப்பாங்க. போக முடிஞ்சா போங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லிடுங்க. 'இதோ வரேன், இதோ வரேன்'னு மட்டும் சொல்லாதீங்க. வர மாட்டீங்கன்னு தெரிஞ்சா அவங்க வேற யாரையாவது கூப்பிடுவாங்க, இல்ல தானே மெதுவா எழுந்து தண்ணிய எடுத்துக்குவாங்க. வரேன்னு சொல்லிட்டா, பாவம், அவங்க வாசலையே பாத்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க."

இவ்வளவுதான். எழுந்து நின்று கைதட்டினார்கள். தாளாளர் கையைக் குலுக்கி, "அடுத்த வருஷமும் இதே ஆளை வெச்சு எழுதி வாங்கிடுங்க மேடம்" என்றார். எலக்ட்ரீஷியனைப் பெண்கள் இப்போது 'மூணாவது வரிசை சார்' என்று கூப்பிடுகிறார்கள். அவர் இந்தப் பக்கம் வரவே யோசிக்கிறார்.

கடைசியாக ஒன்று. உங்கள் முறையிலேயே எழுதுகிறேன்.

(இங்கே நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள்.)

ஒற்றை அறையே போதும் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன்.

(சிரிக்க வைக்கிற மாதிரி பதில் யோசிக்காதீர்கள்.)

கோபம் இல்லை. உங்கள் முட்டியையும் நம்புகிறேன். வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், வீக்கம் இருக்கும்போது குளிர்ந்த ஒத்தடம்தான் கொடுக்க வேண்டும். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். டெய்லர் மனைவி கேட்டால், வீட்டம்மா நன்றாகப் பேசினார் என்று சொல்லுங்கள். இதைக் கட்டுரையாக எழுத நினைத்தாலும் எழுதுங்கள். நாற்காலியை மட்டும் விட்டுவிடுங்கள்.

(இதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.)

இப்படிக்கு,
முதல்வர் அம்மா