தோளுக்கு ஐந்து கோடு

மான்மவுத் ஜங்ஷன்
அக்டோபர் 12

அன்பு மகள் ஜோவானாவுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே பேர்லேண்டில் நீயும் மாப்பிள்ளை டென்னிஸும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் பேசினால் பசிக்கிறதா, எடை என்ன, ஸ்கேன் எப்போது என்று குடைகிறாய். டாக்டர் மகளைப் பெற்றவள் பாடு இதுதான். அதனால் கடிதம் எழுதுகிறேன். உன் அப்பா என்னை வைத்து வரைகிற படம் முடியட்டும், ஸ்கேனுக்குப் போகிறேன் என்று எத்தனை தடவை சொல்வது?

அந்தப் படம்தான் முடிந்தபாடில்லை. ரிட்டயர் ஆன மனுஷன் வாக்கிங் போகலாம், சர்ச் கொயரில் பாடலாம். இவர் பென்சில் பட வகுப்பில் சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் மாணவர்களை இப்படித்தான் பழக்கினார்களாம்: ஒரே ஆளை, ஒரே இருப்பில் வைத்து, மாதக்கணக்கில் ஒரே படம். அதற்கு நான்தான் அகப்பட்டேன். சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம், அதே நாற்காலி, அதே நீல ரவிக்கை. கார்ப்பெட்டில் என் பாதத்தைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறார். மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது. பென்சிலை ஊசியாகச் சீவி, தூளையெல்லாம் என் கிச்சன் கவுண்ட்டரில் கொட்டுகிறார். கொத்தனார் சுவர் பார்ப்பதுபோல் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கிறார். எதிர்வீட்டு சாந்தாமணி ஆன்ட்டி வந்தவர் பயந்தே போய்விட்டார்.

இவ்வளவு பாடுபட்டும் தோள் சரியாக வரவில்லை. ஒவ்வொரு வாரமும் நான் உட்கார்ந்ததும், போன வாரம் தப்பாகப் போட்டுவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொள்வார். அழித்துவிட்டு ஒரு நூலளவு உள்ளே தள்ளிப் போடுவார். அளக்கத் தெரியாதவருக்குப் படம் எதற்கு என்று நானும் வாய் ஓயாமல் திட்டினேன்.

போன வாரம் வகுப்பு டீச்சரையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். அந்த அம்மா அளந்து பார்த்துவிட்டு, நாற்காலியும் பாதமும் அளவு பிசகாமல் இருக்கிறது, ஜெபதாஸுக்கு நன்றாகவே அளக்கத் தெரிகிறது, மாடல்தான் மாறியிருக்கிறார் என்றார். நான் அசையவே இல்லை, டேப்பைப் பாருங்கள் என்று சண்டைக்குப் போனேன்.

டீச்சர் போனபிறகு உன் அப்பா, அழித்த தடங்களையெல்லாம் தேடிப்பிடித்து மறுபடியும் கோடாக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி எழுதிவிட்டார். என் வலது தோளுக்கு இப்போது ஐந்து கோடு, ஒன்றுக்குள் ஒன்றாக. அந்தப் படத்தைக் கொண்டுபோய் ஹாலில் வைத்திருக்கிறார், வருகிறவர்கள் எல்லாம் பார்க்க! நேற்று வழக்கம்போல் உட்கார்ந்தேன். பென்சிலைச் சீவினார், சீவினார், சீவிக்கொண்டே இருந்தார். ஒரு கோடு போடவில்லை. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

சரி, வியாழக்கிழமை ஸ்கேனுக்கு நேரம் வாங்கிவிட்டேன். உனக்குத் திருப்திதானே? என்ன வந்தாலும் கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

எனக்காக ஒன்று செய் கண்ணே. இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அப்பாவுக்குப் போன் போட்டு, அவர் அளந்தது தப்பு என்று சொல். நீ சொன்னால் நம்புவார்.

உன் அம்மா,
ஞானமணி