தொண்ணூற்றைந்தாம் வருடத்து டாலர்

வினமக்கா, நெவாடா
1971 பிப்ரவரி 9

அன்புத் தம்பி லோவெலுக்கு,

உன் முழங்கால் இந்தக் குளிருக்கு என்ன சொல்கிறது? ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு அக்காவுக்கு நாலு வரி எழுதக்கூட நேரமில்லையா?

நாங்கள் வாங்கிய பழைய சாராயக் கடையைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். போன சனிக்கிழமை உன் அத்தான் ஐவன் அடுப்புக்குப் பின்னால் இருந்த செங்கல் சுவரை இடித்தார். "வெர்னா, ஓடி வா! எவனையோ சுவத்துக்குள்ள வெச்சுப் பூசியிருக்கானுங்க!" என்று ஒரே கத்தல். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, ஒரு கித்தான் மூட்டை. அதற்குள் நிறைய வெள்ளி டாலர்கள். எல்லாமே 1895. பின்பக்கம் கழுகுக்குக் கீழே பொடியாக ஓர் 'எஸ்' எழுத்து. நேற்று அச்சடித்ததுபோல மின்னுகிறது.

நீ சின்ன வயதிலிருந்து பழைய நாணயம் சேர்ப்பதிலேயேதான் கிடக்கிறாய். என்ன செய்யலாம், சொல். கூரை ஒழுகுகிறது, அதைச் சரிசெய்தால்தான் கடை திறக்க முடியும். ஐவனிடம் விட்டால், "சூதாட்ட மெஷின்ல போட்டா ஒரே நாள்ல தீந்துரும், கவலையும் தீந்துரும்" என்கிறார்.

உன் அக்கா,
வெர்னா


ஊஸ்டர், ஒஹாயோ
பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். முதலில் ஒன்று: அவற்றைக் கழுவாதே. துடைக்கவும் வேண்டாம். மினுங்க வைக்கிறேன் என்று ஐவன் பல்பொடியைத் தூக்கிக்கொண்டு வந்தால் கையில் அடி. ஓரத்தை மட்டும் விரல் நுனியால் பிடி. யாருக்காவது காட்ட நேர்ந்தால் அவர் கையில் நேராகக் கொடுக்காதே. துணி விரித்து அதன்மேல் வை, உன் கையை எடு, பிறகு அவர் எடுத்துக்கொள்ளட்டும். கீழே விழுந்தால் யார் தப்பு என்ற பேச்சே வராது. எங்கள் நாணயச் சங்கத்தில் வெளியாட்களிடம் அப்படித்தான். எங்களுக்குள் மட்டும் விரலிலிருந்து விரலுக்கு.

'எஸ்' என்பது அதை அச்சடித்த நாணயச் சாலையின் குறி. அந்த வருடத்து 'எஸ்' டாலர் அபூர்வம். ஆறாம் வகுப்பில் நான் இப்படிச் சொல்வேன்: ஒரே ஒருவனிடம் சிவப்புப் பென்சில் இருந்தால் எல்லோரும் அவன் பின்னால் சுற்றுவார்கள். மறுநாள் பத்துப் பேர் கொண்டுவந்தால் அவனை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் சங்கத்தில் அந்தச் சிவப்புப் பென்சில் என் ஆல்பத்தில்தான் இருக்கிறது. எங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டும் டெல்மரைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா? அவன் ஆல்பத்தில் நாணயம் பதிக்கும் எல்லாக் குழியும் நிரம்பி, அந்த ஒன்று மட்டும் பல வருடமாகக் காலி. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னுடையதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் வாத்தியாரே, உங்ககிட்ட இருந்தா என்கிட்ட இருந்த மாதிரி" என்று கொடுத்துவிடுவான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பனி விலகி, ஏப்ரலில் நான் அங்கே வரும்வரை இதை யாரிடமும் சொல்லாதே. அவசரப்பட்டால் ஏமாற்றிவிடுவார்கள்.

அன்புடன்,
லோவெல்


ஊஸ்டர்
மார்ச் 8

அன்புள்ள அக்கா,

ரகசியத்தைக் காப்பாற்றுவதற்கு நன்றி. கூரைக்கு இப்போதைக்குத் தார்ப்பாய் போடுங்கள்.

இங்கே ஒரு சந்தோஷச் செய்தி. டெல்மரின் கடைசிக் குழி நிரம்பிவிட்டது! ஆல்பத்தை யார் முடித்தாலும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவது எங்கள் வழக்கம். அவன் நாணயத்தைக் குழியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியதும் அத்தனை பேரும் எழுந்தோம். பழைய நாணயக் கடை வைத்திருக்கும் கஸ், "டெல்மர், இனிமே பொண்டாட்டிகிட்ட பொலம்ப உனக்கு என்னடா மிச்சம் இருக்கு?" என்றார். அவன் மனைவி நெட்டி செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்திருந்தாள். டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டான். இதற்காகத் தன் மீன்பிடிப் படகை விற்றிருக்கிறான், பாவம்.

முழங்கால் மோசமாகிவிட்டது. ஏப்ரலில் வர முடியாதுபோல. அதனால் நீ இனி ரீனோவில் நல்ல வியாபாரி ஒருவரைப் பார்க்கலாம். என்னைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

லோவெல்


வினமக்கா
மார்ச் 19

தம்பி,

ரீனோ வியாபாரி மூட்டையைப் பிரித்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார். "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். தண்ணீர் அவர் கடையில்தான் இருந்தது. நல்ல மனிதர். கொஞ்சம் நான் வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். நாணயப் பத்திரிகையில் செய்தி வருமாம், என் படமும் வருமாம். ஐவன் முடிவெட்டிக்கொண்டார், அவர் படம் வராது என்று சொன்ன பிறகும்.

உன் கடிதத்தில் ஒன்று புரியவில்லை. சங்கத்தில் அந்த டாலர் உன்னிடம் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் டெல்மருக்குக் கிடைத்தது யாருடையது?

வெர்னா


ஊஸ்டர்
ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

உன் படம் நன்றாக வந்திருக்கிறது. கணவர் வீட்டுப் பெயரோடு போட்டிருப்பதால் இங்கே யாருக்கும் நீ என் அக்கா என்று தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த டாலரின் விலை ஒரேயடியாகச் சரிந்துவிட்டது, சங்கம் அல்லோலகல்லோலப்பட்டது. கஸ் பத்திரிகையை மேசையில் அறைந்து, "இந்தம்மாவுக்கு இடிக்க வேற சுவரே கெடைக்கலையா?" என்று கத்தினார். அவர் கடையில் அந்த டாலர் ஒன்று புதிதாக வந்திருந்ததாம். எங்களுக்குக்கூடக் காட்டாமல் விலை ஏறட்டும் என்று வைத்திருந்தாராம். தபால்காரர் ஹார்லன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். "எனக்கெல்லாம் இந்த ஜென்மத்துல கெடைக்காதுன்னு இருந்தேன். இப்போ பேரப்புள்ளைக்கும் சேத்து வாங்குவேன்." இருவருக்கும் கைகலப்பே வந்திருக்கும்.

டெல்மர் ஒன்றும் கத்தவில்லை. என் பக்கம் குனிந்து, "நல்லவேளை வாத்தியாரே, நீங்க எனக்குக் குடுத்துட்டீங்க. இல்லேன்னா இந்த அடி உங்க தலையில விழுந்திருக்கும். பென்ஷன்ல இருக்கற ஆளு. எனக்காவது இன்னும் சம்பளம் வருது" என்றான்.

நான் தலையை ஆட்டினேன், அக்கா. வேறொன்றும் செய்யவில்லை.

லோவெல்


வினமக்கா
மே 4

லோவெல்,

நான் கேட்டதற்கு நீ நேராகப் பதில் எழுதவில்லை, டெல்மர் சொன்னதை மட்டும் எழுதினாய். வேறொருவர் எழுதிவிட்டார்.

பத்திரிகையில் என் பெயரைப் பார்த்துவிட்டு ஊஸ்டரிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். பள்ளிப் பேருந்து ஓட்டுநராம். "அம்மா, இங்கே என் நண்பர் ஒருவர், வாத்தியார். எனக்கு இல்லையே என்று மார்ச் மாதம் தன் ஆல்பத்திலிருந்தே உருவி எனக்குக் கொடுத்தார். இப்போது அவர் ஆல்பத்தில் குழி காலி. அதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. உங்களிடம் மிச்சம் இருந்தால் ஒன்று விலைக்குக் கொடுங்கள். அவருக்குத் தெரியாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்."

சமையலறையில் நின்றபடியே படித்தேன். நான் உனக்கு எழுதியது பிப்ரவரியில். பனிக்காகத்தான் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாய் என்று நினைத்தேன். நீ சொன்னதற்காக ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஐவன் அதில் இடறி விழுந்தார்.

நாணயத்தை அவருக்கு அனுப்பிவிட்டேன். பணம் வாங்கவில்லை. உனக்கு அக்கா என்றும் சொல்லவில்லை. அதை நான் சொல்லமாட்டேன். அடுத்த கூட்டத்தில் உன் கையில் கொடுப்பார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவீர்கள், அதுதானே வழக்கம்?

வெர்னா


ஊஸ்டர்
ஜூன் 19

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்துக்குப் பிறகு இரண்டு கூட்டம் முடிந்துவிட்டது. இப்போதுதான் எழுத முடிகிறது.

மறுநாள் பரீட்சையில் கேட்கப்போகும் கேள்வியை முந்தின நாளே பார்த்துவிட்ட பையன்களை நான் பிடித்திருக்கிறேன். "உனக்குத் தெரிஞ்சது பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியாதுல்ல, அதாண்டா தப்பு" என்பேன். நான் செய்ததும் அதுதான். சிவப்புப் பென்சில் மலிவாகப் போகிறது என்று தெரிந்ததும், என்னிடம் இருந்ததை என்னை நம்பியவன் தலையில் கட்டினேன்.

மே மாதக் கூட்டத்தில் டெல்மர் எழுந்தான். நெட்டி மறுபடி செர்ரிப் பலகாரம் கொண்டுவந்திருந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து உன் டாலரை எடுத்து என் விரலில் கொடுத்தான். "போடுங்க வாத்தியாரே." நான் போட்டேன். எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டலை என்னால் தாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: அந்தம்மா என் அக்கா, பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும், தெரிந்துதான் விற்றேன்.

கைதட்டல் ஒவ்வொருவராக நின்றது. டெல்மர், "படகு வித்தது மார்ச்சுல" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. கஸ் தரையைப் பார்த்தார். பேசியது நெட்டிதான்.

"இத வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாமே வாத்தியாரே. உங்க மனசு லேசாகணும்னு, இத்தன பேரு முன்னாடி இவர முட்டாளாக்கணுமா?"

இன்னும் யாரும் வெட்டாத பலகாரத்தைத் தட்டோடு தூக்கிக்கொண்டு அவள் போனாள். டெல்மர் அவள் பின்னால் போனான். சொல்லிவிட்டால் வெட்கம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்ட பிறகுதான் புரிந்தது, விற்றபோதும் நான் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன், சொன்னபோதும் என்னைத்தான்.

பணத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே வாங்கிக்கொண்டான். படகை வாங்கியவன் அதை ஈரி ஏரிப் பக்கம் விற்றுவிட்டானாம், நெட்டி உள்ளேயிருந்து சொன்னாள்.

நேற்று அடுத்த கூட்டம். அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். எப்போதும்போல என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தான், மழையைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னான். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஹார்லன் ஒரு பழைய அரை டாலர் கொண்டுவந்திருந்தார். அது கை மாறி மாறி டெல்மரிடம் வந்தது. அவன் பார்த்து முடித்தான். நான் விரல்களை விரித்து நீட்டினேன்.

அவன் மேசையில் கிடந்த பச்சைத் துணியை என் பக்கம் இழுத்தான். நாணயத்தை அதன்மேல் வைத்தான். கையை எடுத்துக்கொண்டான்.

நான் எடுத்துக்கொண்டேன், அக்கா.

உன் தம்பி,
லோவெல்