இரண்டு விரல் கீழே

தாயம்மாவுக்கு, போர்டிக்சனிலிருந்து சன்னாசி சொல்லச் சொல்ல கிராணி முருகையா எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி? மகன் சடையன் வேளைக்குச் சாப்பிடுகிறானா?

இங்கே ஜப்பான்காரர்கள் ஒரு பழைய லோரியை என் தலையில் கட்டிவிட்டார்கள். தொட்டியிலிருந்து எண்ணெயை இழுக்கும் பம்பு போய்விட்டது, மாற்றச் சாமான் இல்லை. "கிழவா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலன்னா சயாம் ரயில் வேலைக்கு நீதான்லா" என்று வேலை வாங்கும் மண்டோர் சிரித்தான். அங்கே போனவர் யாரும் இன்னும் திரும்பவில்லையே.

நம் மூத்தவள் பிறந்த வருஷம் துரையின் லோரியில் பம்பே கிடையாது, தொட்டிதான் உயரத்தில் இருக்கும். அதே மாதிரி ஒரு டின்னைக் கூரைமேல் கட்டினேன். எண்ணெய் வேகமாக இறங்கி கார்ப்பரேட்டர் பொங்கி வழிந்தது. விரல் விரலாக டின்னை இறக்கினேன். கார்ப்பரேட்டருக்கு மேலே ஒரு சாணில் நின்றதும் லோரி சீராக ஓடியது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அந்த லோரி ரந்தாவில் உள்ள நம் தோட்டத்துக்கு வருகிறது, சயாமுக்கு வாலிபர்களை ஏற்றிப்போக. டின்னைப் பார்த்துக்கொள்ள நானும் வருவேன். கடிதத்தை வாசித்துக்காட்டும் துணிக்கார மஸ்தானோடு சடையனை உடனே லிங்கிக்கு, உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பு. என் கம்பளியைக் கொடுத்துவிடு, லிங்கி ஆற்றோரம் குளிரும்.

கடிதம் தாமதமாக வந்தாலும் பதறாதே. திங்கட்கிழமை டின்னை இரண்டு விரல் கீழே கட்டுவேன். மேட்டில் எண்ணெய் எட்டாமல் லோரி நின்று நின்றுதான் ஏறும். அதற்குள் சடையன் கிளம்பிவிடலாம்.

எனக்கு இரண்டு வெற்றிலை எடுத்துக்கொண்டு வாசலில் நில். உன்னைப் பார்க்கவேண்டும். அவனை நான் அங்கே பார்க்கக்கூடாது.

கைநாட்டு,
சன்னாசி